மருந்தால் வராத புண்

அமிர்தகடாட்சம் பன்னோக்கு மருத்துவமனையில் மருந்தால் யாருக்கும் ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை. வரவேற்புக் கூடத்தில் ஆளுயரப் பலகை வைத்து, மின்விளக்கு எழுத்தில் அதைப் போட்டிருந்தார்கள்: 'மருந்தினால் பாதிப்பு ஏதுமற்ற 1,146ஆவது நாள்.' தினமும் காலை எட்டு மணிக்கு அந்த எண் தானாகவே ஒன்று கூடும். அதை நிறுத்துவதென்றால் ஏழு பேர் கொண்ட மருந்துப் பாதுகாப்புக் குழு கூடிக் கையெழுத்துப் போட வேண்டும். குழு இதுவரை கூடியதில்லை. கூட வேண்டிய அவசியம் வரவில்லை என்பதற்குப் பலகையே சாட்சி.

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிற சென்னிமலை, மனைவி நல்லம்மாளை முதல் தடவை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது அந்தப் பலகையைப் பார்த்து மனம் நிறைந்துபோனார். இருபத்தாறு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. விளக்குப் போட்ட மேசைமேல் துணி ஓடும். ஓட்டை தெரிந்தால் நிறுத்தி, அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஓட்டையை ஓட்டை என்று சொல்வதற்கு ஒருவர் சம்பளம் வாங்கலாம் என்கிற உலகத்திலேயே வாழ்ந்துவிட்டவர் என்பதால், பின்னால் நடந்தவை எதுவும் அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை.

நல்லம்மாளுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் இருபது வருஷம் உட்கார்ந்த கை, காலையில் எழுந்தால் நூல் வெட்டுகிற கத்தரிக்கோலைக்கூடப் பிடிக்க மறுத்தது. மூட்டு நிபுணர் டாக்டர் தரணீதரன் பரிசோதித்துவிட்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைப் பகையாளியென்று நினைத்து அடிக்கிற மூட்டுவாதம் இது, அந்தச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும் என்றார். அதற்கு மெதோட்ரெக்ஸேட் என்கிற மஞ்சள் மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது.

தரணீதரன் கெட்டிக்காரர்தான். வாரம் ஒரு நாள் என்றுதான் அவரும் மனதில் நினைத்தார். ஆனால் மருத்துவமனை புதிதாக வாங்கியிருந்த மென்பொருளுக்கு வாரம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் காலை, மதியம், இரவு. அவர் 'காலை'யை அமுக்கினார். வாரக் கணக்கை வாயால் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தபோது கைப்பேசி அடித்தது. பேசிக்கொண்டே கையசைத்து அனுப்பிவைத்தார். கீழே மருந்தகத்தில் உறைமேல் அச்சடித்துக் கொடுத்தார்கள்: 'தினமும் காலை ஒன்று. தவறாமல்.'

நல்லம்மாள் தவறவில்லை. வேலைக்குப் போன காலத்தில் ஒரு ஷிப்ட் தவறாதவள், மாத்திரையையா தவறவிடுவாள்?

ஒன்பதாம் நாள் வாயெல்லாம் வெந்தது. பன்னிரண்டாம் நாள் முழங்கையிலும் கெண்டைக்காலிலும் செந்திட்டுகள் படர்ந்து, தோல் நனைந்த காகிதம் போலக் கழன்று, உள்ளே பச்சைச் சதை தெரிந்தது. நல்லூர் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து, சேலை பட்டாலே துடிக்கிறவளைக் கைத்தாங்கலாகச் சென்னிமலை கொண்டுவந்து சேர்த்தார்.

அவசரப் பிரிவில் தோல் மருத்துவர் யாழினி வந்து பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மாத்திரை உறையை வாங்கிப் படித்தவள் முகம் மாறியது.

"இதைத் தினமுமா சாப்பிட்டீங்க?"

"ஒரு நாளும் விடலீங்க அம்மிணி," என்றார் சென்னிமலை, நல்ல பெயர் வாங்குகிற குரலில்.

"இது வாரத்துக்கு ஒண்ணுங்க. புண்ணு இந்த மருந்தாலதான் வந்திருக்கு. தோலு மட்டுமில்லீங்க, ரத்தத்துல வெள்ளையணு ஊறறதையே நிறுத்தியிருக்கும். இனி ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. முறிவு ஊசி போடோணும்."

சொல்லிவிட்டு அதை எழுதப் போனாள். எழுத முடியவில்லை. ஒரு மருந்தை நிறுத்துகிற உரிமை எழுதிய மருத்துவருக்கு உண்டு. இல்லையென்றால் மருந்துப் பாதுகாப்புக் குழுவுக்கு உண்டு. தரணீதரன் கோவாவில் இருந்தார். 'நோயாளியின் பாதுகாப்பே நமது மூச்சு' என்ற மாநாட்டில் மூன்று நாள் சொற்பொழிவு, அதன்பின் பத்து நாள் விடுமுறை. குழுவைக் கூட்டுவதென்றால் தலைவரான மருத்துவ இயக்குநர் தீனதயாளனைப் பார்க்க வேண்டும். அவரைப் பார்ப்பதென்றால் தர மேலாளர் வேல்குமாரிடம் நேரம் வாங்க வேண்டும். வேல்குமார் அந்த வாரம் யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை, தரச்சான்று ஆய்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் நர்ஸ் தேவிப்பிரியா கணிப்பொறி முன்னால் உட்கார்ந்து திகைத்துக்கொண்டிருந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். நோயாளியைச் சேர்க்க வேண்டுமானால் புண்ணின் வகையைச் சொல்ல வேண்டும். பட்டியலில் நான்கு வகை இருந்தன: படுக்கைப் புண், சர்க்கரைப் புண், தீக்காயம், விபத்து.

"மருந்துப் புண்ணு இதுல இல்லியே டாக்டர்."

"மத்தவைனு ஒண்ணு இருக்குமே?"

"இருந்துச்சு. போன வருசம் எடுத்துட்டாவ. எல்லாரும் அதையே அமுக்குறாங்கன்னு."

நல்லம்மாள் முனகினாள். தேவிப்பிரியா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பார்ப்பதற்கு வெந்த புண் போலத்தான் இருந்தது. தீக்காயத்தை அமுக்கினாள். படுக்கை கிடைத்தது.

திருமணமான பெண்ணுக்குத் தீக்காயம் என்றால் காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும் என்பது விதி. மற்ற எதற்கும் மூன்று கையெழுத்துக் கேட்கிற மென்பொருள், இதை யாரையும் கேட்காமல் தானே அனுப்பிவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஏட்டு குருசாமி வந்து சேர்ந்தார். சென்னிமலையை வராந்தாவில் தனியாகக் கூட்டிப்போனார்.

"உண்மையச் சொல்லுங்க. என்ன ஊத்துனீங்க?"

"ரசமுங்க," என்றார் சென்னிமலை.

"கொதிக்கக் கொதிக்கவா?"

"ஆற வெச்சுத்தானுங்க. வாயெல்லாம் புண்ணு, வேற ஒண்ணும் எறங்கலீங்க."

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். உள்ளே போய் நல்லம்மாளைப் பார்த்தார். கணவர் மேல் ஏதாவது புகார் உண்டா என்று கேட்டார். நல்லம்மாள் பேச முடியாமல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, கையைக் காட்டி அந்த மாத்திரை உறையை எடுத்துத் தரச் சொன்னாள். குருசாமி அதைப் படித்தார். அவள் காலிலிருந்த புண்ணைப் பார்த்தார். மறுபடியும் உறையைப் படித்தார்.

"எங்க அக்காளுக்கு வலிப்பு மாத்திரைல இப்படித்தான் தோலு உரிஞ்சுது. இது மருந்து வேலையாட்டத் தெரியுதுங்க," என்றார்.

அந்தக் கட்டடத்தில் யாழினிக்கு அடுத்தபடியாக நோயைச் சரியாகச் சொன்னவர் அவர்தான். சென்னிமலை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதையே எழுதிக் குடுத்துருங்க சாமி. அம்மிணி எழுதுனா எடுத்துக்க மாட்டீங்கறாங்க. போலீஸ்காரரு எழுதுனா எடுத்துக்குவாங்க."

"என்ற ஃபாரத்துல அதுக்கு எடமில்லீங்களே," என்றார் குருசாமி வருத்தத்தோடு. 'விசாரணை நிலுவையில்' என்று எழுதிக்கொண்டு போனார். அது நிலுவையில் இருந்தவரை சென்னிமலை ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது. அவர் போக நினைக்கவுமில்லை.

மறுநாள் காலை மாத்திரை வந்தது. அதே மஞ்சள் மாத்திரை, சின்னப் பிளாஸ்டிக் குப்பியில்.

"நேத்து அந்த அம்மிணி நிறுத்தச் சொன்னாங்களே?" என்று சென்னிமலை கேட்டார்.

கொண்டுவந்த நர்ஸ், "அவங்க சொன்னது ஆலோசனைங்க. இது உத்தரவு," என்றாள்.

அவர் வேல்குமாரைத் தேடிக்கொண்டு போனார். ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் சென்னிமலை வேலை பார்த்த ஏற்றுமதிக் கம்பெனியில், விதிப்படி எல்லாம் நடக்கிறது என்று காட்டுகிற கம்ப்ளையன்ஸ் மேனேஜர் வேல்குமார்தான். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறான் என்றால் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்தி, எட்டு மணி நேரம்தான் வேலை, ஓவர்டைம் என்றால் என்னவென்றே தெரியாது என்று மனப்பாடம் செய்ய வைப்பார். அந்தக் கம்பெனியும் எல்லாச் சான்றிதழும் வாங்கியது.

"அட, சென்னிமலையண்ணா! ஏனுங்க, நல்லா இருக்கீங்களா?" என்று வேல்குமார் எழுந்தே நின்றார். விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். "அண்ணா, பெரிய டாக்டர் எழுதுன மருந்தை நீங்களோ நானோ நிறுத்த முடியுங்களா? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பொறுப்பு யாரு? கொடுத்து ஏதாச்சும் ஆனா, விதிப்படி கொடுத்தோம்னு ஒரு மரியாதை இருக்குது. கொடுக்காம ஆச்சுன்னா என்ன சொல்றதுங்க?"

சென்னிமலை படிக்காதவர். படித்தவர்கள் மேல் மரியாதை உள்ளவர். திரும்பி வந்து, மாத்திரையைத் தன் கையாலேயே நல்லம்மாள் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவள் விழுங்க முடியாமல் விழுங்கினாள். அடுத்த நாளும் கொடுத்தார். அந்த இரண்டு மாத்திரைகளும் அவரை உயிரோடு இருக்கிறவரைக்கும் விடப்போவதில்லை.

தீக்காயம் என்று போட்டது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. காவல் துறை வந்து போவது ஆய்வு நேரத்தில் அழகில்லை என்று தீனதயாளன் சொன்னாராம். படுக்கைப் புண் என்று மாற்றினார்கள். உடனே காற்று மெத்தை ஒன்று வந்தது. மருத்துவமனையில் படுக்கைப் புண் வந்தால் நர்ஸ் நோயாளியைச் சரியாகத் திருப்பிப் போடவில்லை என்று பொருள். ஆகவே தேவிப்பிரியாவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. நோயாளி ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே புண்ணோடுதான் இறங்கினார் என்று அவள் பதில் எழுதினாள். அப்படியானால் ஆட்டோவில் ஏன் திருப்பிப் போடவில்லை என்று அடுத்த ஓலை கேட்டது.

அதன்பின் சர்க்கரைப் புண் ஆனது. நல்லம்மாளுக்குச் சர்க்கரை கிடையாது. பரிசோதித்துப் பார்த்ததிலும் இல்லை என்றுதான் வந்தது. கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். சர்க்கரை நோயாளிக்குரிய உணவு வந்தது: இரண்டு காய்ந்த சப்பாத்தி, சுண்டல். ஒரு வாய் இளநீரையே அழுதுகொண்டு விழுங்குகிற பெண் முன்னால் அந்தத் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். மாலையில் சமையல்கூடத்திலிருந்து ஒருவர் வந்து, சாப்பாடு எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பெண் கேட்டார்.

மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு ஆயிரத்துக்குக் கீழே போயிருந்தது. ஒரு சாதாரணச் சளி வந்தாலும் தாங்காது என்று யாழினி சொன்னாள். சொல்லும்போது அவள் சென்னிமலையின் முகத்தைப் பார்க்கவில்லை.

புண்ணுக்கு உண்மையில் வைத்தியம் செய்தது தேவிப்பிரியாதான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, தேய்க்காமல், பழைய கட்டைத் தானாக இளக விடுவாள். பஞ்சு வைத்தால் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்று மெழுகு தடவிய வலைத்துணியை விரிப்பாள். பிளாஸ்டர் ஒட்டவே மாட்டாள். பிளாஸ்டரை எடுத்தால் நல்ல தோலும் கூட வந்துவிடும் என்று சுற்றுக்கட்டாகவே போடுவாள். ஒவ்வொரு தடவையும் முழங்கை வரை கையைக் கழுவிவிட்டு, ஏதோ பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு செய்வாள். துணியையே பார்த்து வாழ்ந்த சென்னிமலைக்கு அந்தக் கையின் அருமை தெரிந்தது.

நான்காம் நாள் காலை கட்டி முடித்துவிட்டு, மாத்திரைக் குப்பியை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நகரவில்லை.

"அண்ணாச்சி, நான் ஒரு விசயம் சொல்லுதேன். மாத்திரையை உங்க கையில கொடுத்தேன்னு நான் எழுதணும். எழுதிட்டேன்."

"சரிங்க கண்ணு."

"அது வாய்க்குள்ள போச்சான்னு எழுதுததுக்கு எங்க கம்ப்யூட்டர்ல இடம் கிடையாது."

சென்னிமலை குப்பியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் டிரேயை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஓட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஓட்டை சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. மாத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

யாழினியும் ஒரு வழி கண்டுபிடித்தாள். விஷ முறிவு ஊசி என்று எழுதினால் எந்த விஷம் என்று மென்பொருள் கேட்கும். ஆனால் அந்த ஊசி வைட்டமின் வகையைச் சேர்ந்தது. வைட்டமின் என்று எழுதினால் அமிர்தகடாட்சத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஜலதோஷத்துக்கு வந்தவர்களுக்கே நான்கு போடுகிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக அந்த ஊசி ஏறத் தொடங்கியது.

எதிர்ப்புச் சக்தி இல்லாதவளைத் தனி அறையில் வைக்க வேண்டும் என்று யாழினி கெஞ்சியது மட்டும் உடனே நிறைவேறியது. காரணம், தொற்றுக் காப்பு அறை ஒன்று இருப்பதாக மருத்துவமனை ஆய்வுக்காரர்களிடம் எழுதிக் கொடுத்திருந்தது. அதில் வைக்க ஒரு நோயாளி தேவைப்பட்டார். நல்லம்மாளை அங்கே மாற்றி, கதவில் 'உள்ளே வரக் கூடாது' என்று மூன்று மொழியில் பலகை மாட்டினார்கள். சென்னிமலையே முகமூடியும் அங்கியும் போட்டுக்கொண்டுதான் போக முடிந்தது.

ஆறாம் நாள் காலை வேல்குமார் வந்தார். "அண்ணா, இன்னிக்கு ஆய்வுக் குழு வருது. இது என்ன புண்ணுனு யாராச்சும் கேட்டா, ஊட்டுல இருந்து வரும்போதே இருந்துச்சுன்னு மட்டும் சொல்லோணுங்க. அது பொய் இல்லீங்களே?"

"பொய்யில்லீங்க."

"மாத்திரை அது இதுனு பேச்சு வேண்டாமுங்க. உங்களுக்குத் தெரியாததா? ஆடிட் எல்லாம் பாத்தவரு நீங்க."

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. யாரும் உள்ளே வரக் கூடாத அறைக்கு எவ்வளவு கட்டுப்பாடு கடைப்பிடிக்கப்படுகிறது என்று பார்க்கப் பதினான்கு பேர் உள்ளே வந்தார்கள். ஆய்வாளர்கள் மூன்று பேர், தீனதயாளன், வேல்குமார், பூங்கொத்து ஏந்திய இரண்டு பெண்கள், புகைப்படக்காரர், மற்றவர்கள் யாரென்று தெரியவில்லை. ஒருவர் இருமினார். சென்னிமலை குறுக்கே போய் நின்று, "ஏனுங்க, எல்லாரும் முகமூடி போட்டுக்கிட்டா..." என்று ஆரம்பித்தார். வேல்குமார் அவர் தோளில் கைபோட்டு அன்போடு ஓரமாக நகர்த்தினார்.

தீனதயாளன் அங்கேயே பேசினார்.

"மத்த ஆஸ்பத்திரிகள்ல மருந்தால பாதிப்புன்னு வருசத்துக்கு நூறு, நூத்தைம்பது எழுதறாங்க. நம்மகிட்ட ஒண்ணுகூட இல்லீங்க. அவங்களுக்கு எழுதத் தெரிஞ்சிருக்குது. நமக்கு நிர்வாகம் தெரிஞ்சிருக்குது. சிலர் கேக்கறாங்க, ஏதாச்சும் மறைக்கறீங்களான்னு. நாங்க எதையும் மறைக்கறதில்லீங்க. மறைக்கறதுன்னா மொதல்ல எழுதியிருக்கோணும். நாங்க எழுதறதே இல்லை."

கைதட்டினார்கள். மூத்த ஆய்வாளர் கட்டிலருகே குனிந்து, "கவனிப்பு எப்படிம்மா இருக்குது? ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டார். நல்லம்மாள் வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. கண்ணோரம் நீர் வழிந்தது. அவர் ஐந்து விநாடி காத்திருந்துவிட்டு, 'குறைகள்: எதுவும் தெரிவிக்கப்படவில்லை' என்று எழுதிக்கொண்டார். அறையின் மதிப்பெண் நூற்றுக்கு நூறு.

அன்று மாலை அவளுக்கு நூற்று நான்கு டிகிரி காய்ச்சல்.

அடுத்த மூன்று நாட்களைப் பற்றிச் சென்னிமலை பிற்பாடு யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. நல்லம்மாள் அவரை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். ஓவர்லாக் ஓட்டுகிறவள் போலப் போர்வை விளிம்பைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தாள். யாழினி நாளுக்கு நான்கு தடவை வந்து மருந்து மாற்றினாள். தேவிப்பிரியா தன் ஷிப்ட் முடிந்தும் போகாமல் கட்டு மாற்றினாள். சென்னிமலை தினமும் காலையில் மஞ்சள் மாத்திரையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கைகூப்பி நின்றார். முதல் நாளே பைக்குள் போட்டிருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பத்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வெள்ளையணு ஏறியது. பதினோராம் நாள் அவள், "ஏனுங்க, ஒரு வாய் மோரு கிடைக்குமா?" என்று கேட்டாள். அவர் அங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மோர் தேடிக் கிளம்பினார். கெண்டைக்காலில் புண்ணின் ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் எட்டிப்பார்த்தது.

பதிமூன்றாம் நாள் தரணீதரன் கோவாவிலிருந்து ஒரு கேடயத்தோடு திரும்பினார். யாழினி விடாமல் எழுதிய ஒன்பது கடிதங்களின் பயனாக, வரலாற்றில் முதல் தடவையாக மருந்துப் பாதுகாப்புக் குழு கூடியது. ஏழு பேரும், முந்திரியும், தேநீரும் வந்திருந்தார்கள். நோயாளி தரப்பில் சென்னிமலையை அழைத்துக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

போவதற்கு முன் நல்லம்மாள் அவர் கையைப் பிடித்திருந்தாள். "வாயத் தொறந்துராதீங்க மாமா. ஆனது ஆச்சு. பேசாம ஊட்டுக்குப் போயிரலாம்." அவரும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார்.

யாழினி எழுந்து, உறையில் 'தினமும்' என்று அச்சாகியிருந்ததைக் காட்டினாள். தரணீதரன் அதைப் பார்த்து ஒரு நொடி வெளிறிப்போனார். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தீனதயாளன் கையமர்த்தினார்.

"உணர்ச்சிவசப்பட வேண்டாமுங்க. அறிவியல் பூர்வமாப் பாப்போம். வேல்குமார், பதிவேட்டுல என்ன இருக்குது?"

"பன்னெண்டு நாளும் அதே மருந்து, அதே அளவுல, தினமும் கொடுத்திருக்குதுங்க சார். ஒரு வேளை விடலீங்க."

"புண்ணு?"

"ஆறிட்டு வருதுங்க."

தீனதயாளன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மருந்து தொடர்ந்தது, புண்ணு ஆறிச்சு. மருந்தால வந்த புண்ணா இருந்தா, மருந்து கொடுக்கக் கொடுக்க ஆறுமுங்களா? ஆகவே மருந்து காரணமில்லை. அது மட்டுமில்லீங்க, மருந்துதான் ஆத்துச்சுன்னு சொல்றதுக்கே எடமிருக்குது. டாக்டர் தரணீதரன், இது உங்களுக்கு ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரைங்க. அடுத்த மாநாட்டுல படிங்க. இந்தத் தினசரி முறையை நம்ம மத்த மூட்டு நோயாளிகளுக்கும் கொண்டுவரலாமுங்களே?"

தரணீதரன் கேடயத்தைப் பார்த்தார். யாழினியைப் பார்க்கவில்லை. "பரிசீலிக்கலாம் சார்," என்றார்.

ஆறு பேர் தலையசைத்தார்கள். யாழினி உட்கார்ந்துவிட்டாள். கடைசி நாற்காலியிலிருந்து சென்னிமலை எழுந்தார். மனைவிக்குக் கொடுத்த வாக்கு நினைவிருந்தது. மத்த நோயாளிகள் என்ற சொல்லும் காதில் விழுந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலம் போலச் சுருட்டி வைத்திருந்த காகிதத்தை எடுத்து மேசைமேல் பிரித்தார். மஞ்சள் மாத்திரைகள் உருண்டன.

"பத்து இருக்குதுங்க. மொத ரெண்டை நானே ஊட்டிவிட்டேனுங்க, புத்தி கெட்டுப்போயி. மூணாவதுல இருந்து அவ சாப்புடலீங்க. சாப்புடாததாலதானுங்க உசுரோட இருக்குறா. வேற யாருக்கும் குடுத்துராதீங்க சாமி."

ஒரு தவறு நடந்திருப்பது எல்லோருக்கும் அப்போதுதான் புரிந்தது.

"இது நம்பிக்கைத் துரோகமுங்க," என்றார் தீனதயாளன். குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "பன்னெண்டு நாளா ஒரு நிறுவனம் உங்க மனைவிக்கு மருந்து கொடுத்துட்டிருந்துச்சு. நீங்க ஒருத்தர் மேலகூட நம்பிக்கை வைக்காம பைக்குள்ள போட்டிருக்கீங்க. நாளைக்கு எந்த டாக்டர் எந்த நோயாளிய நம்புவாரு?"

வேல்குமார் ஏற்கெனவே மென்பொருளைத் திறந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. "சார், இதுக்கு எடமிருக்குதுங்க. 'நோயாளி ஒத்துழையாமை'. தனி எண்ணே இருக்குதுங்க."

ஒத்துழையாமை என்று பதிவானது. அன்றே வீட்டுக்கு அனுப்ப உத்தரவானது. மாத்திரையைக் கையில் கொடுத்த குற்றத்துக்குத் தேவிப்பிரியாவைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். யாழினியின் ஒன்பது கடிதங்களும் கோப்பில் 'வாழ்த்துகளும் ஆலோசனைகளும்' என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டன. குழு ஒரு சீர்திருத்தமும் செய்தது: இனி மாத்திரை கொடுத்தபின் நர்ஸ் டார்ச் அடித்து நோயாளியின் வாய்க்குள் பார்த்து, விழுங்கியதை உறுதி செய்ய வேண்டும். அதை எழுதுவதற்கு மென்பொருளில் புதிதாக ஓர் இடம் உண்டாக்கினார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அமிர்தகடாட்சத்தில் எதுவும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

வெளியே போகிற சீட்டுக்காகச் சென்னிமலையும் சக்கர நாற்காலியில் நல்லம்மாளும் பொது வார்டில் காத்திருந்தார்கள். அவர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். வாக்குத் தவறியதற்காகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ எதிர்க் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்க் கட்டிலில் தெய்வாத்தாள் என்று ஒருத்தி, மங்கலத்தில் தறி ஓட்டுகிறவள், காலையில்தான் சேர்ந்திருந்தாள். விரல் மூட்டுகள் வீங்கிக் கிடந்தன. புது நர்ஸ் ஒருத்தி குப்பியில் மஞ்சள் மாத்திரையோடும் டார்ச்சோடும் வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா," என்று சென்னிமலை எட்டிக் கூப்பிட்டார். "அந்த மாத்திரை வாரத்துக்கு ஒண்ணுங்களா, தினமுங்களா?"

"தினமுமுங்க. கம்ப்யூட்டர்லயே அப்படித்தான் வந்திருக்குது," என்றாள் தெய்வாத்தாள்.

அவர் எழுந்து அந்தப் பக்கம் போனார். வாசலில் நின்ற காவலாளிகள் இரண்டு பேர் வந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து மரியாதையாக அவரை வெளியே நடத்திக்கொண்டு போனார்கள். "அது வாரத்துக்கு ஒண்ணுங்க! கேட்டுட்டுச் சாப்புடுங்க!" என்று கத்திக்கொண்டே போனார். வாழ்நாளில் குரலை உயர்த்தியறியாத மனிதர்.

நர்ஸ் டார்ச்சைப் போட்டாள். "அவரு அப்படித்தாங்க. நீங்க வாயைத் திறங்க."

தெய்வாத்தாள் தயங்கினாள். யாரும் பிடிக்காமலே சக்கர நாற்காலி நகர்ந்து வந்து அவள் கட்டிலில் முட்டி நின்றது. நல்லம்மாள் குனிந்து, வீங்கிய விரல்களால் சுற்றுக்கட்டின் முடிச்சை அவிழ்த்தாள். நேரமானது. அவிழ்த்து, மெழுகு வலையை ஓரமாக விலக்கி, கெண்டைக்காலைத் தூக்கி அவள் கண்ணெதிரே காட்டினாள். பாதி ஆறியிருந்தது, மீதி ஆறவில்லை.

"பன்னெண்டு மாத்திரை ஊட்டுல தின்னேன் கண்ணு," என்றாள், புண் ஆறாத வாயால். "இங்க வந்து ரெண்டு."

தெய்வாத்தாள் அந்தக் காலையே பார்த்தாள்.

"வாயைத் திறங்கக்கா," என்றாள் நர்ஸ்.

மங்கலத்துக்காரி உதட்டை இறுக மூடிக்கொண்டாள். நர்ஸ் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு கணிப்பொறிக்குப் போய், அதற்கென்று இருந்த இடத்தில் அதை எழுதினாள்.

அமிர்தகடாட்சத்தில் அன்று ஒத்துழையாத நோயாளிகள் இரண்டு பேர்.